புத்தாண்டு இலக்குகள்: பெங்களூருத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிசம்பர் பாதி தாண்டிவிட்டால் அலுவலகத்திலும் எங்கள் குடியிருப்பிலும் பேச்சு ஒன்றுதான்: வருகிற ஆண்டு என்ன செய்யப் போகிறோம்? நான் இங்கே ஒரு நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அதனால் இந்தக் கேள்வியின் கிளைகள் எல்லாம் என்னிடம்தான் வந்து சேர்கின்றன. சேலம், தருமபுரி, வேலூர்ப் பக்கமிருந்து புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் 'அக்கா' என்று ஆரம்பிப்பார்கள். என் வயதுக்காரர்கள் 'மேடம்' என்பார்கள். சந்தேகங்கள் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பதில்கள் சுற்றிச்சுற்றி ஓரிடத்துக்கே வரும்: இந்த இலக்குக்கான நேரம் யாருடைய எந்த மணியிலிருந்து வருகிறது? அதற்குப் பதில் இல்லாத இலக்கை நான் நம்புவதில்லை.

ஜனவரி 1 அன்றுதான் தொடங்க வேண்டுமா அக்கா? நமக்குச் சித்திரை ஒன்றுதானே புத்தாண்டு?

கட்டாயம் எதுவும் இல்லை. கி.மு. 153 முதல் ரோமாபுரியில் கான்சல்கள் என்ற தலைமை ஆட்சியாளர்கள் பதவியேற்ற நாள் ஜனவரி 1. அந்த நிர்வாக வசதிதான் இன்று நம் சுவர்க் காலண்டர் வரை வந்திருக்கிறது. நமக்கோ இந்த ஊரில் நான்கே மாதங்களுக்குள் ஐந்து தொடக்கங்கள் கிடைக்கின்றன: ஜனவரி 1, தை 1, உகாதி, நிதியாண்டு பிறக்கும் ஏப்ரல் 1, சித்திரை 1. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வாசலில் நிற்கிறது.

தொடக்க நாள் என்பது வெறும் மனப்பிரமையும் இல்லை. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகிய மூவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, வாரமோ மாதமோ ஆண்டோ தொடங்கும்போதும் பிறந்தநாள் கழிந்த கையோடும் உடற்பயிற்சிக்கூடத்துக்கு வருவோர் எண்ணிக்கை கூடுவதைக் காட்டியது. 'பழைய கணக்கு முடிந்தது' என்று மனம் கோடு கிழித்துக்கொள்கிறது. அந்த வேகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். என் வழக்கம், உடம்பு, வீடு, படிப்பு சார்ந்தவற்றைத் தை மாதத்தில் தொடங்குவது. பணம், வேலை சார்ந்தவற்றை ஏப்ரலில் தொடங்குவது. வருமான வரியும் பெரும்பாலான இந்திய நிறுவனங்களின் கணக்கும் ஏப்ரலில்தான் புரள்கின்றன. உங்கள் நிறுவனம் ஜனவரி–டிசம்பர் கணக்கில் ஓடுகிற வெளிநாட்டு நிறுவனம் என்றால் இதை மாற்றிக்கொள்ளுங்கள்.

'உடம்பைக் கவனித்துக்கொள்வேன்' என்று எழுதினால் போதாதா?

அது ஆசை. ஆசைப்படுவதில் தவறில்லை, ஆனால் அதைச் செய்தோமா இல்லையா என்று இரவு படுக்கும்போது சொல்ல முடியாது. எட்வின் லாக் என்ற உளவியலாளர் 1968 முதல் எழுதிவந்ததன் சாரம் இதுதான்: 'முடிந்தவரை செய்' என்று சொல்லப்பட்டவர்களைவிட, இன்னது, இவ்வளவு என்று தெளிவாகவும் கொஞ்சம் கடினமாகவும் இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்கிறார்கள். அலுவலகப் பயிற்சிகளில் நீங்கள் கேட்டுச் சலித்த 'ஸ்மார்ட்' (SMART) சூத்திரம் 1981-இல் ஜார்ஜ் டோரன் எழுதிய சிறு கட்டுரையிலிருந்து வந்தது. ஐந்து எழுத்தையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. என்ன, எவ்வளவு, எப்போது என்ற மூன்றும் இருந்தால் போதும்.

எங்கள் பிரிவில் ஒருவர் முதலில் எழுதியது: 'தினமும் வாக்கிங் போவேன்.' நான் கேட்டேன்: எத்தனை மணிக்கு? ஐந்தரைக்கு, ஏரிக்கரையில் என்றார். ஜனவரியில் இந்த ஊரில் விடிகாலை வெப்பம் 15 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். திருப்பத்தூரில் வளர்ந்தவர் போர்வையை விலக்குவாரா? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதை அடித்துவிட்டு இப்படி எழுதினார்: 'திங்கள், புதன், வெள்ளி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலக வளாகத்தை மூன்று சுற்று. மழை என்றால் மாடிப்படி.' தினமும் என்பது மூன்று நாளாகக் குறைந்தது, ஏரிக்கரை அலுவலக வளாகமாகச் சுருங்கியது. பார்க்கப் பெருமையாக இல்லைதான். ஆனால் இதைத் தாளில் பார்க்கும்போதே நடக்கும் என்று தோன்றுகிறது.

எத்தனை இலக்கு வைத்துக்கொள்ளலாம்? நான் பன்னிரண்டு எழுதியிருக்கிறேன், மாதத்துக்கு ஒன்று.

மூன்றுக்கு மேல் வேண்டாம். ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு நாளுக்கு ஏழு என்றால் 49 போய்விடும். வேலை ஐந்து நாளுக்கு 45. போக வர நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று பெங்களூருக்குப் பெருந்தன்மையாகவே வைத்தாலும் 10. சமையல், குளியல், துணி, மளிகை, பிள்ளையின் வீட்டுப்பாடம், ஊரிலிருக்கும் அம்மாவோடு போனில் பேச்சு எல்லாம் சேர்த்து நாளுக்கு ஐந்து மணி, வாரத்துக்கு 35. மீதி 29.

இருபத்தொன்பது என்றதும் ஏராளம் என்று தோன்றும். ஆனால் அது முழுத் துண்டாகக் கிடைப்பதில்லை. காலையில் பால் பொங்கும் வரை ஐந்து நிமிடம், வண்டி வரும் வரை பத்து நிமிடம், இரவு எல்லோரும் படுத்த பிறகு கண் சொக்கும் முக்கால் மணி. நடுவில் யாரும் கூப்பிடாத முழு ஒரு மணி நேரம், குடும்பஸ்தருக்கு வாரத்தில் ஐந்தோ ஆறோ தேறும். மாதம் இருமுறை வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் பஸ் ஏறி ஊருக்குப் போகிறவருக்கு அதுவும் தேறாது. அவர் வார இறுதியை நம்பி எந்த இலக்கும் எழுதக் கூடாது.

இந்த ஐந்தாறு மணியைப் பன்னிரண்டுக்குப் பங்கு வைத்தால் எதற்கும் காணாது. வேலைக்கு ஒன்று, உடம்புக்கோ வீட்டுக்கோ ஒன்று, பணத்துக்கு ஒன்று. பணத்துக்கு நேரம் அதிகம் வேண்டாம் என்பதால் அதை மூன்றாவதாகச் சேர்க்க முடிகிறது. மற்ற ஒன்பதையும் கிழித்துப் போட வேண்டியதில்லை; தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள். முன்பக்கத்தில் ஒன்று முடிந்த பிறகு பின்பக்கத்திலிருந்து ஒன்று முன்னே வரட்டும்.

எழுதி வைத்தாலே பாதி நடந்த மாதிரி என்கிறார்களே? அமெரிக்காவில் எழுதி வைத்த 3 சதவீதம் பேர் மற்ற எல்லோரையும்விடப் பணக்காரர் ஆனார்களாமே?

அந்தக் கதை என் வாட்ஸ்அப்புக்கும் ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் 1953-இல் பட்டம் பெற்ற மாணவர்களிடம் எடுத்த கணக்கு என்று ஒரு வடிவம். ஹார்வர்டு என்று இன்னொரு வடிவம். தேடிப் பார்த்தவர்களுக்கு அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்கான தடயமே கிடைக்கவில்லை. யேல் தரப்பும் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டது. மேடைப் பேச்சாளர்களுக்கு மட்டும் அது இன்னும் கைகொடுக்கிறது.

எழுதுவது நல்லதுதான், பணக்காரர் ஆவதற்காக இல்லை, மறக்காமல் இருப்பதற்காக. எங்கே எழுதுகிறோம் என்பதுதான் முக்கியம். தோல் அட்டை போட்ட டைரி ஜனவரி 9-ஆம் தேதிக்குப் பிறகு திறக்கப்படுவதில்லை. நம் வீடுகளில் தினமும் தவறாமல் கை படுகிற தாள் ஒன்று உண்டு: மளிகைக் கடைக்காரரோ நகைக் கடைக்காரரோ கொடுக்கிற சிவகாசித் தினசரிக் காலண்டர். ராகுகாலம் பார்க்க எப்படியும் அதன் முன்னால் நிற்போம். செய்ய வேண்டிய நாட்களின் தாளில் முன்கூட்டியே பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். செய்த நாளின் தாளைக் கிழித்து ஆணியிலேயே திருப்பிக் குத்துங்கள். செய்யாத நாளின் தாள் குப்பைக்குப் போகட்டும். மாதக் கடைசியில் ஆணியில் எத்தனை தாள் என்று எண்ணினால் ஆப் எதுவும் வேண்டாம்.

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்பது உண்மையா?

இல்லை. அது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டுறுப்பு (பிளாஸ்டிக்) அறுவை மருத்துவர் 1960-இல் எழுதியதிலிருந்து திரிந்து வந்தது. தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாட்களாவது ஆகிறது என்றார் அவர். 'குறைந்தது' வழியில் உதிர்ந்துவிட்டது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2010-இல் அச்சானது. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற அளவுக்குப் பழகச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளையும் செயலையும் பொறுத்து 18 முதல் 254 நாட்கள் வரை என்று மதிப்பிட்டார்கள். காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். உடற்பயிற்சிக்கு நாள் பிடிக்கும். எனக்குப் பிடித்த முடிவு இன்னொன்று: நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை.

பிப்ரவரியிலேயே நின்றுவிட்டது. அடுத்த ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாமா?

முதல் கேள்விக்கான பதிலில் ஐந்து தொடக்கங்களைச் சொன்னேன். பிப்ரவரியில் நின்றால் உகாதி இருக்கிறது. அதற்கும் பொறுக்க முடியாது என்றால் திங்கட்கிழமை இருக்கிறது.

ஆனால் நின்ற இலக்கை அப்படியே மறுபடி தொடங்காதீர்கள். எந்த நாளில் முதலில் தவறியது, அன்று என்ன நடந்தது என்று பாருங்கள். நான் கேட்டுப் பார்த்தவரை, சோம்பல் என்ற பதில் அபூர்வம். குழந்தைக்குக் காய்ச்சல், ஊரில் கல்யாணம், அலுவலகத்தில் இரவு மென்பொருள் ரிலீஸ் என்றுதான் சொல்வார்கள். அப்படியானால் குறை ஆளிடம் இல்லை, திட்டத்தில் இருக்கிறது. அந்த மாதிரி நாளுக்கென்று ஒரு குட்டி வடிவம் வேண்டும்: அரை மணி நடை முடியாத அன்று ஐந்து நிமிடம் மாடிப்படி. அதையும் சேர்த்தே எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வரவே எட்டரை ஆகிறது. இதில் எங்கே படிப்பது, எங்கே பயிற்சி செய்வது?

பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1999-இல் விரித்து எழுதிய உத்தி ஒன்று உண்டு. 'படிப்பேன்' என்று நினைப்பதற்குப் பதிலாக, 'இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவிடுவது. நேரத்தைத் தேட வேண்டியதில்லை. ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றின் வாலில் கட்டிவிடுகிறோம். 'மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்ததும் பதினைந்து நிமிடம் அந்தப் பாடம்' என்பது 'மாலையில் படிப்பேன்' என்பதைவிடப் பல மடங்கு உறுதி.

பயண நேரமும் ஆளுக்கு ஆள் வேறு. மெட்ரோவின் ஊதாத் தடத்தில் 2023 அக்டோபர் முதல் சல்லகட்டாவிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை ஒரே ரயிலில் போகலாம். மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறந்த பிறகு ஆர்.வி. ரோட்டிலிருந்து சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை போகலாம். உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் காது சும்மாதான் இருக்கிறது, ஒலிப்பாடம் கேட்கலாம். பைக்கில் போகிறவர்கள் இதை முயல வேண்டாம். ஹெல்மெட்டுக்குள் இயர்போன் மாட்டிக்கொண்டு வெளிவட்டச் சாலையில் முன்னேற்றம் காண வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. பைக்காரர் அலுவலகத்திலிருந்து நாற்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பினால் நெரிசல் குறைந்து, வீடு சேரும் நேரம் பத்து நிமிடம்தான் தள்ளும் என்பது பல தடங்களில் உண்டு. உங்கள் தடத்தில் உண்டா என்று ஒரு வாரம் பாருங்கள். உண்டென்றால் அந்த அரை மணி உங்களுடையது.

கன்னடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு ஆண்டும் எழுதுகிறேன். எட்டு ஆண்டாக 'கன்னட கொத்தில்லா' (கன்னடம் தெரியாது) என்பதைத் தாண்டவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழர் இந்த ஊரில் குறைவு. கன்னடம் நமக்குக் கடினம் என்பதால் நிற்பதில்லை. தமிழும் ஆங்கிலமும் கொஞ்சம் இந்தியும் வைத்து ஒப்பேற்ற முடிகிறது என்பதால் நிற்கிறது. ஆகவே ஒப்பேற்ற முடியாத இடத்தில் தொடங்க வேண்டும். 'கன்னடம் கற்பேன்' என்பதை அடித்துவிட்டு ஓர் ஆளையும் ஓர் உரையாடலையும் எழுதுங்கள்: 'உகாதிக்குள் காய்கறி வண்டிக்காரம்மாவிடம் விலை கேட்பது, குறைத்துக் கேட்பது, பணம் கொடுப்பது வரை முழுவதும் கன்னடத்தில்.' அவர் வாரம் நான்கு நாள் வாசலுக்கு வருகிறார்; வகுப்புக்குப் போகும் நேரம் மிச்சம். அவருக்கே தமிழ் தெரிந்திருந்தால், தமிழில் பதில் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எழுத்துக்கு வருவோம். தமிழ் படித்தவருக்கு இடறுகிற இடம் ஒன்றுதான்: நாம் ஒரே 'க' வைத்திருக்கும் இடத்தில் அங்கே நான்கு. ச, ட, த, ப வரிசைகளிலும் அப்படியே. உயிர்மெய்க் குறிகளின் தருக்கம் நமக்குத் தெரிந்ததுதான். பாடப்புத்தகம் தெருவிலேயே இருக்கிறது. கடைப் பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று கர்நாடக அரசு 2024-இல் சட்டத் திருத்தம் செய்த பிறகு, உங்கள் தெருவின் பெயர்ப்பலகைகள் எல்லாம் இருமொழி அரிச்சுவடி மாதிரி ஆகிவிட்டன. கடைப் பெயர் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். எழுத்தைப் பொருத்திப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. சிக்னலில் நிற்கும் நேரம் இதற்குத் தாராளம்.

அப்ரைசலுக்கு மேலாளர் எழுதச் சொல்லும் இலக்கையே என் இலக்காக வைத்துக்கொண்டால் ஆகாதா மேடம்?

ஒரு வரி ஒத்துப்போகலாம். முழுவதும் ஒன்றாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஊழியரும் மேலாளரும் பேசி இலக்கு வகுத்து, அதன்படி அளப்பது என்ற முறையை 1954-இல் பரப்பியவர் பீட்டர் டிரக்கர். அதை இன்டெல் நிறுவனத்தில் ஆண்டி குரோவ் மாற்றியமைத்தார். அங்கே கற்ற ஜான் டோர் 1999-இல் கூகுளுக்குக் கொண்டுபோனார். இன்று நீங்கள் நிரப்பும் 'ஓகேஆர்' (OKR: இலக்கும் அதை அளக்கும் முக்கிய விளைவுகளும்) படிவம் அந்த வழி வந்தது. அது நிறுவனத்துக்கு எது வேண்டும் என்று சொல்லும் தாள். நீங்கள் வேறு நிறுவனத்துக்குப் போனால் கூடவே எடுத்துப் போகக்கூடியது எது என்பதை அது கேட்பதில்லை. அதை நீங்கள்தான் தனியாக எழுத வேண்டும்.

படிவம் நிரப்பும் முன் மேலாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதற்கு மதிப்பெண் போட்டுச் சம்பள உயர்வோடு கட்டுவீர்களா? ஓகேஆர் முறையில் சில இலக்குகளை வேண்டுமென்றே உயரத்தில் வைப்பார்கள். பத்தில் ஏழு பங்கு எட்டினாலே நல்லது என்பது கூகுளில் வழங்கிய கணக்கு. அதே தாளைச் சம்பளத்தோடு கட்டும் இடத்தில் உயரமாக எழுதுகிறவர் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறார். அங்கே முடிகிறதை மட்டும் எழுதுங்கள்.

அப்படியானால் 'இந்த ஆண்டு பதவி உயர்வு வாங்குவேன்' என்று எழுதலாமா?

உங்கள் கையில் இல்லாததை எழுதி ஆண்டு முழுவதும் வயிறெரிய வேண்டாம். பதவி உயர்வு பட்ஜெட்டைப் பொறுத்தது, மேலாளர் மாறுவதைப் பொறுத்தது, சில சமயம் அமெரிக்கத் தலைமையகத்தின் மனநிலையைப் பொறுத்தது. உங்கள் கையில் இருப்பது மேலே இருக்கும் பதவிக்காரர் செய்யும் வேலைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிச் செய்து காட்டுவது.

கூடவே ஒன்று: வெள்ளிக்கிழமை மடிக்கணினியை மூடும் முன், அந்த வாரம் முடித்ததை இரண்டு வரி எழுதி வையுங்கள். அப்ரைசல் நேரத்தில் கடைசி இரண்டு மாத வேலைதான் எல்லோருக்கும் நினைவிருக்கும். மேயில் ராத்திரி கண் விழித்துச் சரிசெய்தது உங்களுக்கே மறந்திருக்கும்.

சேமிப்புக்கு எப்படி எழுதுவது? ஒவ்வொரு மாதமும் மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்றால் எதுவுமே மிஞ்சுவதில்லை.

மிஞ்சாது. வீட்டு வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பிறகு இந்த ஊர் மிச்சம் வைப்பதில்லை. சம்பளம் வந்த மறுநாளே ஒரு தொகை தானாக வேறு கணக்குக்குப் போகும்படி வங்கியில் கட்டளை கொடுத்துவிடுங்கள். மூவாயிரமாக இருந்தாலும் சரி. இந்த இலக்குக்குச் செலவாகும் நேரம் மொத்தமே ஒரு மதியம்; அதனால்தான் மூன்றில் இது எளிதானது என்றேன். முதலில் சேர வேண்டியது ஆறு மாதச் செலவுக்கான தொகை. வீட்டு உரிமையாளரிடம் அட்வான்ஸாகக் கொடுத்து வைத்திருப்பதை இதில் சேர்க்காதீர்கள். வேலை போன மாதத்தில் அந்தப் பணம் அவரிடம்தான் இருக்கும், உங்களிடம் இருக்காது.

ஜனவரியில் இன்னொரு கூத்து நடக்கும். முதலீட்டுச் சான்றுகளைப் பதிவேற்றச் சொல்லி மின்னஞ்சல் வந்ததும் அவசர அவசரமாக யாரோ சொன்ன இன்சூரன்ஸ் பாலிசியில் கையெழுத்துப் போடுவது. அதற்கு முன் நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். 2023–24 நிதியாண்டு முதல், நீங்களாக எதையும் தேர்வு செய்யாவிட்டால் புதிய முறைதான் பொருந்தும். அதில் 80சி என்று நாம் பழகிவிட்ட ஒன்றரை லட்ச ரூபாய்க் கழிவே கிடையாது. பழைய முறையில் இருந்தாலும், சம்பளத்தில் பிடிக்கும் உங்கள் பிஎஃப் பங்கு அந்த ஒன்றரை லட்சத்துக்குள் சேரும். அதைக் கழித்த பிறகு எவ்வளவு பாக்கி என்று பார்த்தால் பலருக்குப் புதிதாக எதுவும் வாங்கவே தேவையிருக்காது.

சிகரெட்டை விடுவேன், செல்போனைக் குறைப்பேன் என்பவை நல்ல இலக்குகள்தானே?

நல்லவைதான், ஆனால் 'விடுவேன்' என்பதைவிட 'அந்த இடத்தில் இதைச் செய்வேன்' என்பது கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது. சுவீடனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், ஒன்றைச் செய்வதாகத் தீர்மானித்தவர்களில் 58.9 சதவீதமும், ஒன்றைத் தவிர்ப்பதாகத் தீர்மானித்தவர்களில் 47.1 சதவீதமும் வெற்றி பெற்றதாகச் சொன்னார்கள். இரவு போனை எங்கே வைப்பது என்று முடிவு செய்யுங்கள். சமையலறை அலமாரி என்றால் சமையலறை அலமாரி.

புகையிலையை இதோடு சேர்க்காதீர்கள். அது அடிமைத்தனம், மனவுறுதி மட்டும் போதாது. பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356, புகையிலையை விட உதவும் சேவையின் கட்டணமில்லா எண். அந்தச் சேவையின் மையங்களில் ஒன்று நம் ஊர் நிம்ஹான்ஸில்தான் இருக்கிறது.

இலக்கை நாலு பேரிடம் சொன்னால்தான் வெட்கத்துக்காவது செய்வோம் என்கிறார் என் நண்பர். சொல்லலாமா?

ஸ்டேட்டஸில் போட வேண்டாம். வினை முடிந்த பிறகு வெளியே தெரியும்படி செய்வதே திறம், நடுவில் வெளிப்பட்டால் தீராத துன்பம் என்று குறள் (663) சொல்கிறது. மேலே பார்த்த கோல்விட்சர் குழுவினர் 2009-இல் சட்ட மாணவர்களை வைத்துச் செய்த சோதனையும் ஏறக்குறைய அதையே காட்டியது. நல்ல வழக்கறிஞர் ஆவதற்கான தங்கள் நோக்கத்தை இன்னொருவர் கவனித்துவிட்டார் என்று அறிந்தவர்கள், அதன் பிறகு அதற்காகக் குறைவாகவே உழைத்தார்கள். பாராட்டு முன்பணமாகக் கிடைத்துவிடுகிறது.

ஆனால் ஒருவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்: அந்த நேரத்தை யாரிடமிருந்து எடுக்கிறீர்களோ அவரிடம். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் வகுப்புக்குப் போகப் போகிறீர்கள் என்றால், அந்த இரண்டு மணி நேரம் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பது வீட்டில் பேசி முடித்த விஷயமாக இருக்க வேண்டும்.

ஐந்தரைக்கு எழுந்தால்தான் மூன்று டிபன் பாக்ஸ் தயாராகும். நானும் வேலைக்குப் போகிறேன். எனக்கு என்ன இலக்கு, சொல்லுங்கள் அக்கா?

முந்தைய பதிலின் பின்பாதி முழுக்க உங்களுக்காகத்தான். இந்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்குச் சராசரி 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். மேலே நான் போட்ட 29 மணிக் கணக்கை உங்கள் வீட்டில் இருவருக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். இரண்டு விடை வரும்.

ஆகவே உங்கள் முதல் இலக்கு கோர்ஸும் இல்லை, யோகாவும் இல்லை. வாரத்தில் ஒரு வேளைச் சமையலை முழுதாகக் கைமாற்றுவது. முழுதாக என்றால் என்ன சமைப்பது என்று யோசிப்பது, வெங்காயம் இருக்கிறதா என்று பார்ப்பது, கடைசியில் மேடையைத் துடைப்பது வரை. 'நான் உதவி செய்கிறேனே' என்று சொல்லிவிட்டு, 'உப்பு எங்கே, எவ்வளவு போட?' என்று அறைக்குள் வந்து கேட்டால் அது கைமாறியதாகக் கணக்கில் வராது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வியாழன் இரவு கணவர் பொறுப்பு. முதல் மாதம் முழுவதும் தக்காளி சாதம்தான், மாமியார் முகம் சுளித்தார், மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு தேர்வுக்குப் படித்தார். சுளிப்பு அடங்கச் சில மாதம் ஆகும்; அதற்குள் வியாழனைத் திருப்பி எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிள்ளைகளுக்கும் எழுதிக் கொடுக்கலாமா?

நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது உங்கள் இலக்கு. அவர்களிடம் ஒன்று கேளுங்கள், சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேட்டிங் என்றால் ஸ்கேட்டிங்.

போன மாதம் வேலை போய்விட்டது. எல்லோரும் இலக்கு பேசும்போது எனக்கு எரிச்சலாக வருகிறது.

எரிச்சல் நியாயம். இந்த ஆண்டு உங்களுக்கு மூன்று வேண்டாம், ஒன்று போதும், அதுவும் மூன்று மாதத்துக்கு மட்டும். 'மார்ச்சுக்குள் வேலை கிடைக்கும்' என்று எழுதாதீர்கள். பதவி உயர்வுக்குச் சொன்ன அதே காரணம்தான். 'வாரம் இரண்டு பழைய சக ஊழியர்களோடு பேசுவேன்' என்று எழுதுங்கள். அறிமுகம் இல்லாத இடத்துக்கு நூறு விண்ணப்பம் அனுப்புவதைவிட அது பலன் தருவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் யாருக்காவது பெரிய நோய் என்றாலும் இதே பதில்தான். மருத்துவமனைக்கு அலைகிற ஆண்டில் தூங்கி எழுவதே இலக்காக இருக்கலாம்.

அடுத்த ஆண்டு ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பத்து ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இதை எப்படி இலக்காக எழுதுவது?

எழுத முடியாது, ஏனென்றால் இது இன்னும் முடிவாகவே இல்லை. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு தாளில் 'ஏன் போக வேண்டும், ஏன் வேண்டாம்' என்று தனித்தனியாக எழுதி மாற்றிப் படியுங்கள். ஒருவர் தாளில் அம்மாவின் மூட்டுவலி இருக்கும். இன்னொருவர் தாளில் தான் மறுபடி வேலையை விட வேண்டிவருமோ என்ற பயம் இருக்கும். பத்து ஆண்டாகப் பேசியது இந்த இரண்டையும் தொடாமலேதான்.

பிறகு விசாரிக்க வேண்டியவற்றை இலக்காக்குங்கள். நிறுவனம் ஊரிலிருந்து வேலை செய்ய எழுத்தில் அனுமதிக்குமா? கோவையிலோ சேலத்திலோ உங்கள் துறைக்கு என்ன சம்பளம்? அம்மாவைப் பார்க்கும் மருத்துவர் எவ்வளவு தொலைவில்? மே விடுமுறைக்குள் மூன்றுக்கும் பதில் வாங்குவது என்பது நல்ல இலக்கு. போவதும் போகாததும் அதற்குப் பிறகு.

இதில் பெரும்பாலோர் கவனிக்காதது பிள்ளையின் தமிழ். தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடமாகப் படிப்படியாகக் கொண்டுவரப்பட்டது. இங்கே கன்னடமும் இந்தியும் படித்து, வீட்டில் தமிழ் பேச மட்டும் தெரிந்த பிள்ளையை எட்டாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தால் அது முதல் தேர்விலேயே திணறும். பத்தாம் வகுப்பு நெருங்கிவிட்டால் யாரும் இடம் மாற மாட்டார்கள். ஆகவே திரும்புவது உறுதியோ இல்லையோ, இந்த ஆண்டுத் தாளில் எழுதக்கூடிய வரி ஒன்று இருக்கிறது: ஞாயிறு மாலை அரை மணி நேரம் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து. யார் சொல்லிக் கொடுப்பது என்ற பெயரையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.